கர்னலுக்கு அனுப்பிய ஒரு வரி பேட்ச்: ரிவ்யூ என்ற பெயரில் என்னதான் நடக்கிறது?

#1 — பைட்_பித்தன்

வணக்கம் நண்பர்களே. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு முதல் தடவையாக ஒரு பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்) அனுப்பியிருக்கிறேன். சின்ன டிரைவர்தான். அதில் ஒரு ஃபங்ஷன், சாதனத்தை எழுப்புவதற்காக பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்கைக் கூப்பிடுகிறது. எரர் வந்தால் அப்படியே திரும்பிப் போய்விடுகிறது. சிக்கல் என்னவென்றால், கெட்_சிங்க் தோற்றாலும் யூசேஜ் கவுண்டரை (சாதனத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) ஒன்று ஏற்றிவிட்டுத்தான் தோற்கும். அதை இறக்க அங்கே ஆளில்லை. அதற்கப்புறம் அந்தச் சாதனம் தூங்கவே போகாது, மின்சாரம் வீண். நான் சேர்த்தது ஒரே வரி: எரர் வரும் இடத்தில், அந்த எண்ணிக்கையை இறக்கும் புட்_நோஐடில்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னரிடமிருந்து இரண்டு கேள்வி மட்டும் வந்தது. இந்தப் பிழை எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நுழைந்தது? எந்த ஹார்டுவேரில் சோதித்தீர்கள்? போர்டு என்னிடம் இல்லை, கோடை ஓட்டாமலேயே பிழை தேடும் ஸ்டாட்டிக் அனலைசர் காட்டியது, கோடைப் படித்து உறுதி செய்துகொண்டேன் என்று பதில் போட்டேன். அப்புறம் சத்தமே இல்லை.

படித்தாலே தெரிகிற பக். ஒரு வரியில் ரிவ்யூ பண்ண என்ன இருக்கு? புது ஆள் என்பதால் ஒதுக்குகிறார்களா?

#2 — ழகரம்

மெர்ஜ் விண்டோ (அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களை உள்ளே எடுக்கிற காலம்) நேரத்துல அனுப்பியிருப்பீங்க. அந்த ரெண்டு வாரம் புதுசா வர்றதை யாரும் சீண்ட மாட்டாங்க. நெட்வொர்க்கிங் பக்கம்னா அடுத்த வெளியீட்டுக்கான நெட்-நெக்ஸ்ட் கதவையே சாத்திடுவாங்க. ஆர்சி1 (முதல் சோதனை வெளியீடு) வந்ததும் திரும்ப அனுப்புங்க ப்ரோ.

#3 — பைட்_பித்தன்

இல்லை ப்ரோ, ஆர்சி3 வந்த பிறகுதான் அனுப்பினேன்.

#4 — தாமிரபரணி72

> ஒரு வரியில் ரிவ்யூ பண்ண என்ன இருக்கு?

தம்பி, அந்த ஒரு வரியை மெயின்டெய்னர் எப்படிப் பார்க்கிறார் என்று யோசி. மெயிலில் அவருக்குத் தெரிவது உன் வரி, அதற்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி. டிஃப் காட்டுவது அவ்வளவுதான். உன் வரி சரியா என்பதற்கான பதில் அந்த ஏழு வரிக்குள் இல்லை.

அவர் ஃபைலைத் திறந்து அந்த ஃபங்ஷனை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேட வேண்டும். கூப்பிடுகிறவன் எரர் வந்ததும் எந்த லேபிளுக்குத் தாவுகிறான்? அங்கே ஏற்கெனவே ஒரு புட் இருக்கிறதா? இருந்தால் உன் புட்டோடு சேர்த்து இரண்டு முறை இறங்கும். ப்ரோப் (டிரைவர் சாதனத்தைத் தொடங்கி வைக்கும் கட்டம்) தோற்றுப் போகும் பாதையில் ஒருவிதமாகவும், சஸ்பெண்டிலிருந்து எழும் பாதையில் வேறுவிதமாகவும் இருக்கலாம். இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரமாவது ஆகும். நீ எழுத எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகம்.

இன்னொன்றும் உண்டு. உன் பேட்ச் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்? எப்போதோ எரர் வரும்போது ஒரு சாதனம் தூங்காமல் கிடக்கும், பாட்டரி கொஞ்சம் போகும். உன் பேட்ச் தப்பாக இருந்தால்? கவுண்டர் ஒன்று அதிகமாக இறங்கும். யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே சாதனத்தைத் தூங்க வைத்துவிடும். கிளாக் நின்றுபோன பிளாக்கின் ரெஜிஸ்டரைத் தொட்டால் சில எஸ்ஓசிகளில் (மொத்த சிஸ்டமும் ஒரே சில்லில் அமைந்தவை) மொத்த போர்டும் உறைந்துவிடும், கன்சோலில் ஒரு எழுத்துகூட வராது. அந்த பக் ரிப்போர்ட் உனக்கு வராது, அவருக்குத்தான் வரும். நீ அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பாய். அதனால் 'சோதித்தாயா' என்று கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதல் கேள்விக்கு வருவோம். எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கேட்டது 'ஃபிக்ஸஸ்' வரிக்காக. ஹேஷின் முதல் 12 எழுத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தக் கமிட்டின் தலைப்பு. அதை வைத்துத்தான் பழைய வெளியீடுகளுக்குத் திருத்தம் சேர்க்கும் ஸ்டேபிள் மரங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தத் திருத்தம் எவ்வளவு பழைய வெளியீடு வரை போக வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டால் உனக்கே கிடைத்துவிடும். அந்த வேலையையும் அவர் தலையில் ஏன் போடுகிறாய்?

போர்டு இல்லாதது குற்றமில்லை. ஆனால் அதைக் கமிட் மெசேஜிலேயே சொல்லியிருக்க வேண்டும்: கம்பைல் மட்டும் செய்தது, ஹார்டுவேரில் ஓட்டவில்லை, கருவி காட்டியதைக் கையால் சரிபார்த்த விதம் இது. கேட்ட பிறகு சொன்னால் மறைத்தது போலத் தெரியும்.

#5 — சந்தேகப்பிராணி

அண்ணன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பு வேறு. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றிலும் 10,000க்கு மேல் கமிட், 2,000 பேர் அளவில் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஃபங்ஷனைக் கூப்பிடும் காலர்களைத் தேடுகிறார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

2021ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் இதைத்தானே அம்பலப்படுத்தினார்கள்? வேண்டுமென்றே ஓட்டையுள்ள பேட்ச் அனுப்பினார்கள், ரிவ்யூவைத் தாண்டியது. உடனே ஸ்டேபிள் வெளியீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் மொத்தப் பல்கலைக்கழகத்தையும் தடை செய்தார். அன்றிலிருந்து கருவி கண்டுபிடித்த சின்னத் திருத்தம் என்றாலே சந்தேகம்தான். பைட்_பித்தன் மாட்டிக்கொண்டது அதில்.

சாதாரணப் பயனருக்கு முழு அதிகாரம் கிடைக்க வழிவிட்ட டர்ட்டி கவ் பக் 2007 முதல் 2016 வரை எல்லார் கண் முன்னாலும் இருந்தது. ஆயிரம் கண் பார்த்தால் பக் நிற்காது என்பதெல்லாம் மேடைப் பேச்சு.

#6 — கர்னல்_கண்ணம்மா

மின்னசோட்டா கதையைப் பாதியில் நிறுத்திட்டீங்க.

2020 ஆகஸ்டில் கள்ளப் பெயர்களில் வந்தவை மொத்தம் ஐந்து பேட்ச். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு 2021 மே மாதம் அறிக்கை போட்டது. அதன்படி அவற்றில் உள்ளே போனது ஒன்றே ஒன்று. அதுவும் சரியான பேட்ச்! ஓட்டை வைக்க நினைத்தவர்களுக்கு அந்தக் கோட் சரியாகப் புரியாததால் தெரியாமலேயே சரியாக எழுதிவிட்டார்கள். மற்றவை ரிவ்யூவிலேயே விழுந்தன. 'தாண்டியது' என்று சொல்ல எதுவுமில்லை. ஐஇஇஇ பாதுகாப்பு மாநாட்டுக்கு ஏற்கப்பட்டிருந்த கட்டுரையையும் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள்.

2021 ஏப்ரலில் வெடித்தது வேறு. அதே பல்கலைக்கழகத்திலிருந்து, ஸ்டாட்டிக் அனலைசர் கண்டுபிடித்தது என்று சொல்லிப் பயனில்லாத பேட்ச்கள் வந்தன. பழைய சோதனையின் தொடர்ச்சியோ என்று கோபம் வந்தது. அவர்களிடமிருந்து வந்த பழைய கமிட்களையும் திரும்ப எடுக்க 190 ரிவர்ட் போட்டார் கிரெக். அப்புறம் 435 கமிட்டை ஆளாளுக்குப் பிரித்து மறுபடி படித்தார்கள். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. யோசித்துப் பாருங்க, ஒருத்தர் விளையாட்டுக்காக எத்தனை மெயின்டெய்னர்களின் வாரங்கள் போயிருக்கும்? எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான். ஆராய்ச்சி செய்தது மனுஷங்க மேல, அவங்க சம்மதம் கேட்காமல்.

அதனால் சந்தேகம் கூடியிருக்கிறது என்பது உண்மைதான். கருவியின் பெயர் என்ன, அது எப்படிக் கண்டுபிடித்தது, நீங்கள் எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதச் சொல்வது இப்போது ஆவணத்திலேயே இருக்கிறது. எழுதிவிட்டால் கேள்வி பாதி குறையும்.

#7 — சந்தேகப்பிராணி

சரி, ஐந்தில் ஒன்று என்று திருத்திக்கொள்கிறேன். அறிக்கை எழுதியதும் அவர்களே என்பதையும் குறித்துவைக்கிறேன் 🙂 டர்ட்டி கவ்வுக்குப் பதில் வரவில்லையே?

#8 — தாமிரபரணி72

டர்ட்டி கவ் உங்கள் பக்கத்துச் சாட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். திருத்திய கமிட்டில் லைனஸ் டோர்வால்ட்ஸே எழுதியிருக்கிறார்: பதினொரு வருடத்துக்கு முன் தானே இதைச் சரிசெய்யப் பார்த்ததாகவும், அது சரியாக அமையவில்லை என்றும். எஸ்390 (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்) பக்கம் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் அப்போது திரும்ப எடுக்கப்பட்டது. இரண்டு த்ரெட் ஒரே பக்கத்தை ஒரே நொடியில் தொடும்போது வரும் ரேஸ் கண்டிஷனை மெயிலில் படித்துக் கண்டுபிடிப்பது அபூர்வம். அதற்கு இன்றைக்குத் தானாகப் பிழை தேடும் கருவிகள் உண்டு: சிஸ்பாட் இருக்கிறது, கேசிசேன் இருக்கிறது, லாக்டெப் இருக்கிறது. இன்டெலின் டெஸ்ட் ரோபோ நீங்கள் கேள்விப்பட்டிராத ஆர்க்கிடெக்சரிலெல்லாம் பில்ட் போட்டு உடைந்ததை மெயிலில் அனுப்பும்.

பக் பிடிப்பது ரிவ்யூவின் முதல் வேலை என்று நினைப்பதால்தான் உங்களுக்கு அது நாடகமாகத் தெரிகிறது. பக்கைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். திருத்தவே முடியாதது ஒன்று உண்டு: கர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களுக்கு, அதாவது யூசர்ஸ்பேஸுக்குக் கொடுத்துவிட்ட இன்டர்ஃபேஸ். ஒரு சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலைக் கூப்பிடும் வழி) உள்ளே வந்து, ஒரு புரோகிராம் அதை நம்பிவிட்டால், அதன் நடத்தையை மாற்றக் கூடாது. அந்த விதியில் லைனஸ் விட்டுக்கொடுத்ததில்லை.

பழைய சிஸ்டம் கால்களைப் பாருங்கள். பைப், ஆக்செப்ட், டியூப்2 இவற்றில் ஃப்ளாக்ஸ் என்ற ஆர்க்யுமென்ட் இல்லை. ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும் ஃபோர்க்-எக்ஸெக் சமயத்தில் டிஸ்க்ரிப்டர் (திறந்திருக்கும் ஃபைலின் எண்) கசியாமல் இருக்க ஒரு ஃப்ளாக் வேண்டும் என்று வந்தபோது வைக்க இடமில்லை. 2008ல் பைப்2, ஆக்செப்ட்4, டியூப்3 என்று புதிதாகச் செய்தார்கள். 2014ல் ரீநேம்அட்2. ஓப்பன்அட் கதை இன்னும் வேடிக்கை. ஃப்ளாக்ஸ் இருந்தது, ஆனால் தெரியாத பிட் வந்தால் கர்னல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் புதிய பிட்டுக்கு அர்த்தம் கொடுக்கப் போனால், பழைய கர்னல் அதை மறுக்கிறதா விழுங்குகிறதா என்று புரோகிராமுக்குத் தெரியாது. 2020ல் 5.6 வெளியீட்டில் ஓப்பன்அட்2 வந்தது, தெரியாத பிட்டை முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும்.

இன்றைக்கு யாராவது புதிய சிஸ்டம் கால் அனுப்பினால் ரிவ்யூவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: ஃப்ளாக்ஸ் எங்கே, தெரியாத பிட்டுக்கு ஐன்வால் (தவறான மதிப்பு என்ற எரர்) திருப்புகிறாயா? இதை எந்த ரோபோவும் கேட்டதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் கேட்கிறார்கள்.

#9 — ஓசூர்_எம்பெடட்

நடுவுல ஒரு புலம்பல். எங்க ஆபீஸ் மெயில் சர்வர் வழியா பேட்ச் அனுப்பினா டேப் எல்லாம் ஸ்பேஸா மாறிப் போகும். கர்னலில் இன்டென்ட் எட்டு எழுத்து அகல டேப். ஒரு டேப் மாறினாலும் பேட்ச் அப்ளை ஆகாது. அது போதாதுன்னு ஒவ்வொரு மெயிலுக்கும் கீழே "இம்மடல் ரகசியமானது, உரியவர் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது"ன்னு சர்வரே ஒட்டி விடும். உலகமே படிக்கிற மெயிலிங் லிஸ்டுக்கு! அந்த அடிக்குறிப்போட வர்ற பேட்சை எடுத்துக்க முடியாதுன்னு மெயின்டெய்னர்கள் திருப்பி விட்டுடுவாங்க, சட்டப்படி அவங்க சொல்றது நியாயம்தான். ஐடி டிபார்ட்மென்ட்ல கேட்டா "பாலிசி சார்". கடைசியில் சொந்த மெயில் ஐடி, கிட் சென்ட்-இமெயில். இப்ப பேட்ச் அனுப்ப உதவுற பி4 கருவி வந்த பிறகு கொஞ்சம் நிம்மதி.

கிட்ஹப்ல ஒரு பட்டனை அழுத்தினா முடியுற வேலை. 2005ல் கிட்டையே கண்டுபிடிச்ச ஆளுங்க இன்னும் மெயில்லயே நிக்கிறாங்க.

#10 — ழகரம்

மெயில்தான் நல்லது. ஒரு வரிக்குக் கீழேயே பதில் எழுதலாம், இருபது வருஷம் கழிச்சும் லோர்ங்கிற மெயில் காப்பகத் தளத்துல தேடினா கிடைக்கும். கம்பெனி மூடினா போகாது. இந்தச் சண்டைக்கு தனி இழை போடுங்க, இங்க வேணாம்.

#11 — சந்தேகப்பிராணி

இன்டர்ஃபேஸ் வாதம் ஏற்கத்தக்கது. ஆனால் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனை ரிவ்யூ தடுக்குமா தடுக்காதா? நேராகச் சொல்லுங்கள்.

#12 — கர்னல்_கண்ணம்மா

2003 நவம்பர் சம்பவம் தெரியுமா? அப்போது கர்னலின் மூலப் பிரதி பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்தது, சிவிஎஸ் என்ற இன்னொரு கருவி பிடித்தவர்களுக்காக ஒரு நகல் ஓடியது. அந்த நகலில் யாரோ நுழைந்து வெய்ட்4 ஃபங்ஷனில் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். பார்வைக்கு சாதாரண எரர் சோதனை. இன்ன இரண்டு ஆப்ஷன் சேர்ந்து வந்து, யூஐடியும் (பயனர் எண்) பூஜ்யமாக இருந்தால் ஐன்வால் திருப்பு. ஆனால் 'யூஐடி பூஜ்யமா' என்று ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும். அங்கே இருந்தது ஒன்றுதான். அதாவது ஒப்பிடவில்லை, யூஐடியைப் பூஜ்யமாகவே ஆக்கிவிடுகிறது. கூப்பிட்டவன் ரூட் (முழு அதிகாரம் உள்ளவன்) ஆகிவிடுவான். பூஜ்யத்தை ஒதுக்கினால் அதன் மதிப்பு பொய், அதனால் எரரும் திரும்பாது, ஒன்றும் நடக்காதது போல் மேலே ஓடும். போதாததற்கு அதைச் சுற்றி ஒரு ஜோடி அடைப்புக்குறி. அது இருந்தால் கம்பைலரும் எச்சரிக்காது. எழுதியவன் கை தேர்ந்தவன்.

எப்படி மாட்டியது? அந்த மாற்றத்துக்கு இணையான பதிவு பிட்கீப்பரில் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்ததில் கணக்கு உதைத்தது, லிஸ்டில் போட்டார்கள், படித்தவர்கள் உடனே 'இது பின்கதவு' என்றார்கள். ஆக, முதலில் பிடித்தது ஏற்பாடு, அப்புறம்தான் கண். இது எங்கிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதில் இருக்க வேண்டும். எழுதியவரும் கைமாற்றியவரும் தம் பெயரைப் போடும் சைன்டு-ஆஃப்-பை வரி 2004ல் வந்தது வேறு காரணத்துக்காக, எஸ்சிஓ நிறுவனத்தின் வழக்கில் கோட் யாருடையது என்ற தகராறு வந்ததால். ஆனால் பலன் ஒன்றுதான். ஒரு கமிட்டைத் திறந்தால் எழுதியவரில் தொடங்கி அது கைமாறி வந்த வழி அடுக்காகத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: பொறுமையும் திறமையும் உள்ள கெட்டவனை ரிவ்யூ மட்டும் தடுக்காது. தாமதப்படுத்தும். பெயரைப் பதிவு செய்யும்.

#13 — பைட்_பித்தன்

இதெல்லாம் தெரியாமல்தான் கேட்டேன், நன்றி. ஆனால் ஒரு ஆதங்கம் மட்டும். இரண்டு கேள்வி கேட்டவர், பதில் போட்ட பிறகு 'சரி' அல்லது 'முடியாது' என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? மௌனம்தான் கஷ்டமாக இருக்கிறது.

#14 — கர்னல்_கண்ணம்மா

அதில் உங்க பக்கம் நியாயம் இருக்கு தம்பி. மழுப்ப விரும்பவில்லை. ஒரு காலத்தில் மௌனத்துக்குப் பதில் வசவு வந்தது. 2018 செப்டம்பரில் லைனஸே தன் மெயில்களுக்காக மன்னிப்புக் கேட்டு விடுப்பில் போனார், அந்த வாரமே நடத்தை விதிகளும் வந்தன. வசவு குறைந்தது. மௌனம் குறையவில்லை, ஏனென்றால் அது குணத்தால் வருவதில்லை, ஆள் பற்றாக்குறையால் வருகிறது. 2023ல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தின் மெயின்டெய்னர் பொறுப்பிலிருந்து விலகியபோது, ஒரே தலையில் இருந்த ரிவ்யூ, டெஸ்டிங், பக் பிரிப்பு, வெளியீடு எல்லாவற்றையும் தனித்தனி ஆட்களுக்குப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய ஃபைல்சிஸ்டத்துக்கே அந்தக் கதி.

கம்பெனிகளில் அப்ரைசலுக்கு எத்தனை கமிட் என்று எண்ணுகிறார்கள். எத்தனை ரிவ்யூ என்று எண்ணுகிற மேனேஜரை நான் பார்த்ததில்லை. பிறகு எல்லாரும் எழுதத்தானே வருவார்கள்?

ஒன்று செய்யுங்க. காத்திருக்கும் நேரத்தில் அதே லிஸ்டில் வேறு யாரோ அனுப்பிய பேட்சை எடுத்துப் படியுங்க. அப்ளை பண்ணி பில்ட் போடுங்க. புரியாததைக் கேளுங்க. போர்டு இருந்தால் ஓட்டிப் பார்த்து 'டெஸ்டட்-பை' கொடுங்க. 'ரிவ்யூடு-பை' கொடுக்கும் முன் அதற்கான நான்கு வாசகங்களை ஆவணத்தில் படியுங்க. பக்கே இல்லை என்று உத்தரவாதம் தரச் சொல்லவில்லை, ஆனால் நுட்பமாகப் படித்தேன், என் சந்தேகங்களை எழுதியவரிடம் சொல்லிவிட்டேன், உள்ளே போகத் தகுதியானது என்று நம்புகிறேன் என்று உங்கள் பெயரில் சொல்வது அது. 'ஆக்டு-பை' அதைவிட லேசானது. படிக்காமல் ரிவ்யூடு-பை வாரி வழங்குகிறவர்களை மெயின்டெய்னர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அந்தப் பெயருக்கு மதிப்பே இருக்காது.

#15 — பைட்_பித்தன்

சரி அக்கா, ஒரு தொடரை எடுத்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். இரண்டாவது வெர்ஷனுக்கான மெசேஜ் இது. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன், குறை சொல்லுங்கள்:

"பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றாலும் யூசேஜ் கவுண்டர் ஏறியே இருக்கும். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் அந்த எரரில் கவுண்டரை இறக்காமல் திரும்புகிறது, அதன்பின் சாதனம் சஸ்பெண்ட் ஆகாது. தோற்கும்போது தானே இறக்கிவிடும் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட்டுக்கு மாற்றுகிறேன். ஸ்டாட்டிக் அனலைசரில் கிடைத்தது, காலர்களைக் கையால் சரிபார்த்தேன். கம்பைல் சோதனை மட்டும்."

கீழே ஃபிக்ஸஸ் வரி, அதற்கடுத்து சைன்டு-ஆஃப்-பை. முதல் வெர்ஷனிலிருந்து மாறியதை மூன்று கோட்டுக்குக் (---) கீழே எழுதியிருக்கிறேன்.

#16 — தாமிரபரணி72

புட் சேர்ப்பதற்குப் பதில் ரெஸ்யூம்_அண்ட்_கெட்டுக்கு மாறியது நல்லது. 5.10லிருந்து இருக்கிறது, பார்க்கிறவருக்கும் யோசனை மிச்சம். இரண்டு விஷயம்.

ஃபிக்ஸஸ் வரிக்கும் சைன்டு-ஆஃப்-பைக்கும் நடுவே காலி வரி விடாதே. ஹேஷுக்குப் பக்கத்தில் வரும் தலைப்பு நீளமாக இருந்தாலும் மடிக்காதே, ஒரே வரியில் விடு.

இன்னொன்று முக்கியம். கெட்_சிங்க் வெற்றியிலும் சில சமயம் 1 திருப்பும், சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால். ரெஸ்யூம்_அண்ட்_கெட் வெற்றி என்றால் 0 மட்டும்தான். உன் ஃபங்ஷன் அந்த மதிப்பை அப்படியே மேலே திருப்புகிறதா? மேலே இருப்பவர்களில் யாராவது 1ஐ எதிர்பார்த்து ஏதாவது செய்கிறார்களா?

#17 — பைட்_பித்தன்

பார்த்துவிட்டேன் அண்ணா. கூப்பிடும் இடம் இரண்டுதான். இரண்டுமே பூஜ்யத்துக்குக் கீழா என்று மட்டும் பார்க்கின்றன, 1 வந்தாலும் 0 வந்தாலும் ஒன்றுதான்.

#18 — தாமிரபரணி72

அதையும் மெசேஜில் எழுது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆர்சி வரும், அதன் மேல் ரீபேஸ் செய்து, நடைப் பிழை பார்க்கும் செக்பேட்ச் ஓட்டி, திங்கட்கிழமை அனுப்பு.